உருமாறும் ஆற்றல்: மைக்கேல் ஃபாரடே

நுழையும் முன்

மின்விசிறி சுழல்கிறது, விளக்கு ஒளிர்கிறது, ஒலிபெருக்கி பாடுகிறது, மின்னடுப்பில் பால் பொங்குகிறது. இவை நான்கிற்கும் செல்வது ஒரே மின்சாரம்தான். ஆயினும் அது ஓரிடத்தில் இயக்கமாகிறது, ஓரிடத்தில் ஒளியாகிறது, வேறோரிடத்தில் ஒலியாகவும் வெப்பமாகவும் மாறுகிறது. ஆற்றல் வடிவம் மாறக்கூடியது. ஆனால் ஒன்றைக் கொடாமல் மற்றொன்றைப் பெற இயலாது. இவ்வுண்மையைத் தம் வாழ்நாள் முழுவதும் தேடிய ஓர் அறிவியலாளரின் வரலாற்றை இப்பாடத்தில் அறிவோம்.

1. கொல்லரின் மகன்

இங்கிலாந்து நாட்டில், இலண்டன் மாநகரை அடுத்திருந்த நியூயிங்டன் என்னும் ஊரில், 1791ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் மைக்கேல் ஃபாரடே பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் இரும்புக் கொல்லர். தாயார் பெயர் மார்கரெட். பிள்ளைகள் நால்வருள் மைக்கேல் மூன்றாமவர். தந்தையார் அடிக்கடி நோயுற்றமையால் உலைக்களத்தில் தொடர்ந்து உழைக்க அவரால் இயலவில்லை. குடும்பத்தில் வறுமை சூழ்ந்தது. 1801ஆம் ஆண்டில் தானிய விலை மிகவும் உயர்ந்தபோது, சிறுவன் மைக்கேலுக்கு ஒரு வாரத்திற்கென ஒரே ஒரு ரொட்டி கொடுக்கப்பட்டது. அதனை நாள்தோறும் சிறிது சிறிதாகப் பகிர்ந்து அவன் உண்ண வேண்டியிருந்தது.

எழுதுதல், படித்தல், எளிய கணக்கு ஆகியவற்றிற்கு மேல் பள்ளியில் அவனுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. உயர்கணிதம் கற்கும் வாய்ப்பு அவனுக்கு எக்காலத்தும் அமையவில்லை. இக்குறை அவருடைய ஆராய்ச்சி வாழ்வு முழுவதும் உடன் வந்தது.

2. புத்தகக் கடையில் கற்ற கல்வி

பதின்மூன்றாம் வயதில் ஜார்ஜ் ரீபோ என்னும் புத்தக வணிகரிடம் ஏவலாளாகச் சேர்ந்தார் ஃபாரடே. வீடு வீடாகச் சென்று செய்தித்தாள் கொடுப்பது அவருடைய பணி. மறு ஆண்டே புத்தகங்களுக்கு அட்டை கட்டும் தொழிலைப் பயிலும் மாணவராக ஏழாண்டுக் காலத்திற்கு அவரை ரீபோ ஏற்றுக்கொண்டார்.

தாள்களை மடித்துத் தைத்து, பசையிட்டு, தோலுறை போர்த்துவதோடு அவர் நிற்கவில்லை. கைக்கு வந்த நூல்களைப் படித்தும் பார்த்தார். கலைக்களஞ்சியம் ஒன்றில் மின்சாரம் பற்றி வந்த கட்டுரை அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. ஜேன் மார்செட் என்னும் பெண்மணி எளிய உரையாடல் வடிவில் எழுதிய வேதியியல் நூல் அவருக்கு நல்லாசிரியராக அமைந்தது. நூலில் உள்ளது உண்மைதானா என்று தாமே சோதித்துப் பார்க்கும் பழக்கமும் அப்போதே தோன்றியது. கிடைத்த சிறு காசுகளைக் கொண்டு பழைய கண்ணாடிக் குடுவைகள் வாங்கி, நிலைமின்னை உண்டாக்கும் கருவி ஒன்றைச் செய்தார்.

நகரில் அறிவியல் சொற்பொழிவுகள் நடைபெற்றன. ஒவ்வொரு கூட்டத்திற்கும் கட்டணம் ஒரு ஷில்லிங். கொல்லுத் தொழில் செய்துவந்த தமையனார் இராபர்ட் அத்தொகையைக் கொடுத்துதவினார். கேட்டவற்றை எல்லாம் ஃபாரடே படங்களுடன் குறித்துவைத்தார்.

3. திறந்த கதவு

1812ஆம் ஆண்டு அக்கடையின் வாடிக்கையாளர் ஒருவர், இராயல் கழகத்தில் சர் ஹம்ஃப்ரி டேவி ஆற்றவிருந்த சொற்பொழிவுகளுக்கு நுழைவுச்சீட்டு அளித்தார். டேவி அந்நாளில் ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்றிருந்த வேதியியலாளர். மாடத்தில் அமர்ந்து நான்கு சொற்பொழிவுகளையும் கேட்ட ஃபாரடே, அவற்றை விரிவாக எழுதி, படம் வரைந்து, தம் கையாலேயே அட்டை கட்டினார். அது சுமார் 300 பக்கங்கள் கொண்ட ஏடாயிற்று.

அறிவியல் பணியில் சேர விரும்பி, இராயல் சங்கத்தின் தலைவருக்கு அவர் முன்னரே விண்ணப்பித்திருந்தார். அதற்கு மறுமொழியே கிடைக்கவில்லை. இம்முறை அவ்வேட்டையும் ஒரு கடிதத்தையும் டேவிக்கே அனுப்பினார். டேவி அவரை அழைத்துப் பேசினார். ஆனால் அப்போது வேலை இடம் எதுவும் காலியாக இல்லை. சில வாரங்களுக்குப் பின் கழகத்தின் உதவியாளர் ஒருவர் சண்டையிட்டதால் பணிநீக்கம் செய்யப்பட்டார். அவ்விடத்தில் 1813ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் ஃபாரடே அமர்த்தப்பட்டார். குடுவை கழுவுவதும், சொற்பொழிவுக்கான கருவிகளை எடுத்து வைப்பதும் அவருடைய தொடக்கப் பணிகளாயின. கழகத்தின் மேல்மாடியில் தங்குவதற்கு இரண்டு அறைகளும் கிடைத்தன.

அவ்வாண்டின் இறுதியில் டேவியுடன் ஐரோப்பியப் பயணம் மேற்கொண்டார். அறிவியல் உதவியாளராகச் சென்றவர் வேலைக்காரருடைய பணிகளையும் செய்ய நேர்ந்தது. டேவியின் துணைவியார் அவரைத் தாழ்வாகவே நடத்தினார். ஃபாரடே மனம் வருந்தினார், எனினும் பொறுத்துக்கொண்டார். பாரிசில் ஆம்பியரையும் மிலானில் முதுபெரும் அறிஞர் வோல்டாவையும் காணும் பேறு அப்பயணத்தில் கிடைத்தது. ஃபிளாரன்சு நகரில், பெரிய வில்லை ஒன்றால் சூரிய ஒளியைக் குவித்து வைரத்தையே எரித்துக் காட்டிய சோதனையில் டேவிக்கு உதவினார். ஒளி வெப்பமாகி, உலகின் கடினமான பொருளையும் எரிப்பதை அவர் நேரில் கண்டார்.

4. மின்சாரம் இயக்கமாயிற்று

1820ஆம் ஆண்டு டென்மார்க்கு நாட்டின் ஓர்ஸ்டெட் ஒரு புதுமையைக் கண்டறிந்தார். மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே வைத்த காந்த ஊசி விலகித் திரும்பியது. மின்சாரத்திற்கும் காந்தத்திற்கும் உறவு உண்டு என்பது அதனால் புலனாயிற்று.

1821ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ஃபாரடே இதனை மேலும் ஆராய்ந்தார். ஒரு கிண்ணத்தில் பாதரசம் ஊற்றி, அதன் நடுவே காந்தம் ஒன்றை நிறுத்தினார். மேலிருந்து தொங்கிய கம்பியின் நுனி பாதரசத்தைத் தொடுமாறு அமைத்தார். மின்கலத்தின் ஒரு முனையைக் கம்பியோடும் மறு முனையைப் பாதரசத்தோடும் இணைத்தபோது, கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுற்றி வரத் தொடங்கியது. மின்கலம் இணைந்திருந்தவரை அச்சுழற்சி நிற்கவில்லை.

மின்கலத்தில் வேதி ஆற்றல் மின்னாற்றலாகிறது. அம்மின்னாற்றல் இங்கே இயக்க ஆற்றலாயிற்று. உலகின் முதல் மின்மோட்டார் இச்சிறு கிண்ணமே ஆகும்.

ஆனால் அவ்வெற்றி அவருக்குத் துன்பத்தையும் தேடித் தந்தது. மூத்த அறிஞர் வொல்லாஸ்டனும் டேவியும் இதே துறையில் முன்னர் முயன்று வெற்றி காணாதிருந்தனர். கட்டுரையை வெளியிடுமுன் வொல்லாஸ்டனைச் சந்திக்க ஃபாரடே முயன்றார். அவர் அப்போது ஊரில் இல்லை. பிறருடைய கருத்தை எடுத்துக்கொண்டார் என்னும் பழி ஃபாரடேயின் மீது எழுந்தது. வொல்லாஸ்டன் எண்ணியிருந்ததும் ஃபாரடே செய்துகாட்டியதும் வெவ்வேறானவை. எனினும் பழி எளிதில் அகலவில்லை. 1823ஆம் ஆண்டு இராயல் சங்கத்தின் உறுப்பினராக ஃபாரடே முன்மொழியப்பட்டபோது, அச்சங்கத்தின் தலைவராயிருந்த டேவியே எதிர்த்தார். எதிர்ப்பையும் மீறி அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். தம்மை அறிவியல் உலகிற்கு அழைத்துவந்தவர் டேவி என்னும் நன்றியை ஃபாரடே ஒருபோதும் மறக்கவில்லை.

5. இயக்கம் மின்சாரமாயிற்று

மின்சாரம் காந்தத்தை உண்டாக்கும் எனில், காந்தம் மின்சாரத்தை உண்டாக்க வேண்டுமன்றோ? இவ்வினா பல ஆண்டுகள் அவர் நெஞ்சில் தங்கியிருந்தது. கழகத்தின் பிற பணிகளும் கண்ணாடி உருவாக்கும் ஆய்வும் அவர் காலத்தை எடுத்துக்கொண்டன. இடையிடையே முயன்ற சோதனைகள் பயன் தரவில்லை.

1831ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள், ஆறு அங்குல விட்டமுடைய இரும்பு வளையம் ஒன்றை எடுத்தார். அதன் இரு பக்கங்களிலும் செம்புக் கம்பியைத் தனித்தனியாகச் சுற்றினார். ஒரு சுருளை மின்கலத்தோடும், மற்றொரு சுருளை ஒரு காந்த ஊசியின் அருகே செல்லும் கம்பியோடும் இணைத்தார். மின்கலத்தை இணைத்த கணத்தில் ஊசி அசைந்தது. உடனே பழைய நிலைக்குத் திரும்பியது. மின்னோட்டம் தொடர்ந்து பாய்ந்தபோது அசைவே இல்லை. இணைப்பைத் துண்டித்த கணத்தில் ஊசி எதிர்ப்பக்கமாக அசைந்தது.

இதனைப் பலர் பிழையெனக் கருதி விட்டுவிட்டிருக்கக் கூடும். ஃபாரடே அக்கணநேர அசைவிலேயே விடையைக் கண்டார். காந்தம் அருகில் இருப்பதால் மட்டும் மின்சாரம் தோன்றுவதில்லை. காந்த விளைவு மாறும்போதுதான் தோன்றுகிறது.

அக்டோபர் 17ஆம் நாள் கம்பிச்சுருள் ஒன்றினுள் சட்டக் காந்தத்தை விரைவாக நுழைத்தார். ஊசி அசைந்தது. வெளியே இழுத்தார். ஊசி எதிர்த்திசையில் அசைந்தது. காந்தத்தை அசையாது வைத்தபோது ஊசியும் அசையவில்லை. அக்டோபர் 28ஆம் நாள், பெரிய காந்தம் ஒன்றின் இரு முனைகளுக்கிடையே செம்புத் தகட்டைச் சுழற்றி, தொடர்ச்சியான மின்னோட்டத்தைப் பெற்றார். கையின் உழைப்பு மின்சாரமாயிற்று. உலகின் முதல் மின்னியற்றி இதுவேயாகும். மின்காந்தத் தூண்டல் என்று இந்நிகழ்வை இன்று அழைக்கிறோம்.

மறு ஆண்டே பாரிசில் பிக்சி என்பவர், கைப்பிடியால் சுழற்றும் மின்னியற்றியைச் செய்தார். ஃபாரடே தம் கண்டுபிடிப்பிற்குக் காப்புரிமை எதுவும் பெறவில்லை. பொருளீட்டும் வழியை விட்டு, அடுத்த வினாவை நாடிச் சென்றார்.

6. விலையின்றி விளைவில்லை

மின்கலத்தில் மின்சாரம் எவ்வாறு தோன்றுகிறது என்பது பற்றி அந்நாளில் பெரிய கருத்து வேறுபாடு நிலவியது. இரு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொடுவதே போதும் என்றனர் வோல்டாவைப் பின்பற்றியோர். ஃபாரடே இதனை ஏற்கவில்லை. 1833, 1834ஆம் ஆண்டுகளில் மின்சாரத்தால் பொருள்களைப் பிரிக்கும் சோதனைகளை அளந்து செய்தார். பாய்ந்த மின்சாரத்தின் அளவிற்கு ஏற்பவே பொருள்கள் சிதைந்தன. மின்கலத்தின் உள்ளேயும் துத்தநாகம் கரைந்து தீரும் அளவிற்கே மின்சாரம் வெளிப்பட்டது.

1840ஆம் ஆண்டு தம் கருத்தை அவர் உறுதியாக எழுதினார். எதுவும் குறையாமல், எதுவும் மாறாமல், வெறுந்தொடுகையால் மட்டும் மின்னோட்டம் ஓயாது பாயுமானால், அது இன்மையிலிருந்து விசையைப் படைப்பதாகும் என்றார். இயற்கையில் அத்தகைய படைப்பு எங்கும் காணப்படவில்லை என்பது அவர் வாதம். ஆற்றல் என்னும் சொல் இன்றைய பொருளில் நிலைபெறாத காலம் அது. எனவே அவர் விசை என்றே குறித்தார்.

இக்கருத்தை எண்ணால் நிறுவியவர் மான்செஸ்டரைச் சேர்ந்த ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல். கீழிறங்கும் எடைகளால் நீரினுள் துடுப்புகளைச் சுழற்றி, நீர் எவ்வளவு சூடாகிறது என்பதை அவர் அளந்தார். இயக்க ஆற்றல் குறிப்பிட்ட அளவில் வெப்பமாக மாறுவதைக் காட்டினார். தொடக்கத்தில் அவருடைய ஆய்வுக்கு அறிவியல் உலகில் போதிய வரவேற்பில்லை. 1849ஆம் ஆண்டு அவருடைய விரிவான கட்டுரையை இராயல் சங்கத்தின் முன் வைத்தவர் ஃபாரடே. ஆற்றலை ஆக்கவும் இயலாது, அழிக்கவும் இயலாது, ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவிற்கு மாற்றவே இயலும் என்னும் ஆற்றல் அழிவின்மை விதி இவ்வாறு உருப்பெற்றது. இன்று ஆற்றலை அளக்கும் அலகிற்கு ஜூலின் பெயரே வழங்குகிறது.

7. கிட்டாத விடை

ஓயாத உழைப்பால் 1839ஆம் ஆண்டின் இறுதியில் ஃபாரடேயின் உடல்நலம் குன்றியது. தலைசுற்றலும் மறதியும் வாட்டின. சில ஆண்டுகள் ஆய்விலிருந்து பெரிதும் விலகியிருந்தார். செய்யும் ஒவ்வொரு சோதனையையும் எண்ணிட்ட பத்திகளாக நாட்குறிப்பில் எழுதினார். அப்பத்திகளின் எண்ணிக்கை இறுதியில் 16,000ஐக் கடந்தது.

1845ஆம் ஆண்டு மீண்டும் ஆய்வில் இறங்கி, முன்னர்த் தாம் உருவாக்கிய கனமான கண்ணாடியின் வழியே ஒளியைச் செலுத்தினார். காந்தத்தின் துணையால் ஒளியின் தன்மையில் மாற்றம் நேர்வதைக் கண்டார். ஒளிக்கும் காந்தத்திற்கும் உறவுண்டு என்பதற்கு அதுவே முதற்சான்று.

அடுத்து ஈர்ப்பு விசையை எடுத்துக்கொண்டார். பொருள் மண்ணில் விழும்போது நேரடியாக மின்சாரம் தோன்றுமா என அறிய விரும்பினார். சொற்பொழிவு மண்டபத்தின் உயரத்திலிருந்து கம்பிச்சுருளையும் உலோகங்களையும் விழச் செய்து சோதித்தார். ஊசி அசையவில்லை. வேறு வழிகளில் முயன்றார். அப்போதும் அசையவில்லை. சிறு அசைவு தோன்றிய வேளைகளில் அதற்கு வேறு காரணம் இருப்பதைத் தாமே கண்டுபிடித்து விலக்கினார். தம் நம்பிக்கை குறையவில்லை. ஆயினும் சான்று கிட்டவில்லை என்பதை மறைக்காமல் இராயல் சங்கத்தில் அறிவித்தார். வெற்றியை வெளியிட்ட அதே நேர்மையோடு தோல்வியையும் வெளியிட்டார்.

அவர் தேடிய நேர்வழி கிட்டவில்லை. ஆனால் விழும் பொருளின் ஆற்றல் மின்சாரமாவதற்கு அவருடைய 1831ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பே வழியமைத்தது. உயரத்திலிருந்து விழும் நீர் சுழலியைச் சுழற்றுகிறது. சுழலி மின்னியற்றியைச் சுழற்றுகிறது. இந்தியாவில் 1897ஆம் ஆண்டு டார்ஜிலிங் அருகே சித்ராபோங்கில் இம்முறையில் மின்சாரம் பெறப்பட்டது. 1902ஆம் ஆண்டு சிவசமுத்திரத்தில் காவிரி நீரின் வீழ்ச்சி மின்னாற்றலாகி, கம்பி வழியே நெடுந்தொலைவு சென்று, கோலார் தங்கச் சுரங்கத்தின் எந்திரங்களை இயக்கியது.

8. கலங்கரை விளக்கம்

இங்கிலாந்தின் கலங்கரை விளக்கங்களைப் பேணிய அமைப்பிற்கு 1836ஆம் ஆண்டு முதல் ஃபாரடே அறிவியல் ஆலோசகராக இருந்தார். அந்நாளில் எண்ணெய் விளக்குகளே கப்பல்களுக்கு வழிகாட்டின. 1858ஆம் ஆண்டு டிசம்பரில் டோவர் அருகிலுள்ள சவுத் ஃபோர்லாந்து கலங்கரை விளக்கத்தில் மின்விளக்கு சோதனைமுறையில் ஏற்றப்பட்டது. ஹோம்ஸ் என்பவர் அமைத்த மின்னியற்றியை நீராவி எந்திரம் சுழற்றியது.

அங்கு நிகழ்ந்த மாற்றங்களை வரிசையாக எண்ணிப் பார்க்கலாம். நிலக்கரியின் வேதி ஆற்றல் எரிந்து வெப்பமாயிற்று. வெப்பம் நீரை ஆவியாக்கி எந்திரத்தில் இயக்கமாயிற்று. இயக்கம் மின்னியற்றியில் மின்சாரமாயிற்று. மின்சாரம் விளக்கில் ஒளியாயிற்று. அவ்வொளி இருண்ட கடலில் மாலுமிகளின் உயிரைக் காத்தது. 1860ஆம் ஆண்டு பிப்ரவரியில், பனி மூடிய பாதைகளைக் கடந்து சென்று அவ்விளக்கை ஃபாரடே நேரில் ஆய்வு செய்தார். அப்போது அவருக்கு வயது 68. இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்பு ஊசி ஒன்றைச் சற்றே அசைத்த விளைவு, இப்போது நெடுந்தொலைவுக் கப்பல்களுக்கும் தெரியும் ஒளியாக வளர்ந்திருந்தது.

9. மெழுகுவத்தியும் மாணவர்களும்

இளம் பருவத்தில் சொற்பொழிவுகளால் பயன்பெற்றவர் ஆதலால், சிறுவர்களுக்கு அறிவியலை எடுத்துரைப்பதைத் தம் கடமையாகக் கொண்டார் ஃபாரடே. கிறித்துமசு விடுமுறையில் இளைஞர்களுக்கான சொற்பொழிவுகள் 1825ஆம் ஆண்டு இராயல் கழகத்தில் தொடங்கின. அவற்றுள் 19 தொடர்களை அவரே நிகழ்த்தினார். ஒரு மெழுகுவத்தியை மட்டும் முன்வைத்து, எரிதல், காற்று, நீர், மூச்சு ஆகிய அனைத்தையும் விளக்கிய தொடர் புகழ்பெற்றது. மெழுகு எரிந்து வெப்பத்தையும் ஒளியையும் தருவதும், நாம் உண்ட உணவு உடலில் மெல்ல எரிந்து வெப்பம் தருவதும் ஒத்த நிகழ்வுகளே என்று அவர் சிறுவர்க்கு உணர்த்தினார். 1861ஆம் ஆண்டு நூலாக வெளிவந்த அச்சொற்பொழிவுகள் இன்றும் படிக்கப்படுகின்றன.

கணிதம் அறியாத ஃபாரடே, காந்தத்தைச் சூழ்ந்த வெளியை விசைக் கோடுகளாக மனத்தில் கண்டார். அக்கோடுகளை அறிஞர் பலர் பொருட்படுத்தவில்லை. இளைஞரான ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் அவற்றின் ஆழத்தை உணர்ந்து, கணித வடிவம் கொடுத்தார்.

அரசு தர முன்வந்த சர் பட்டத்தை ஃபாரடே ஏற்கவில்லை. இராயல் சங்கத்தின் தலைமைப் பதவியையும் மறுத்தார். எளிய மனிதராகவே இருக்க விரும்பினார். விக்டோரியா அரசியார் வழங்கிய ஹாம்ப்டன் கோர்ட் இல்லத்தில் துணைவியார் சாராவுடன் இறுதிக் காலத்தைக் கழித்தார். 1867ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் இயற்கை எய்தினார். அவர் விரும்பியவாறே ஆரவாரமின்றி ஹைகேட் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார்.

10. நம் இல்லத்தில் ஃபாரடே

மின்விசிறியிலும் மாவரைக்கும் எந்திரத்திலும் சுழல்வது, பாதரசக் கிண்ணத்தில் சுழன்ற கம்பியின் வழித்தோன்றலே. தெருமுனையில் நிற்கும் மின்மாற்றி, இரு சுருள்கள் சுற்றிய அவருடைய இரும்பு வளையத்தின் வளர்ச்சியே. தூண்டல் அடுப்பில் மாறிக்கொண்டே இருக்கும் காந்த விளைவு, பாத்திரத்தின் அடிப்பகுதியில் மின்னோட்டத்தைத் தூண்டி அதனைச் சூடாக்குகிறது. ஒலிபெருக்கியில் காந்தத்தின் நடுவே கம்பிச்சுருள் அதிர்ந்து மின்னாற்றலை ஒலியாக்குகிறது. சூரியத் தகடு மட்டும் சுழற்சி ஏதுமின்றி ஒளியையே மின்சாரமாக்குகிறது. ஆயினும் பெற்ற ஒளிக்கு மேல் அதனாலும் தர இயலாது.

மிதிவண்டியில் டைனமோவை இணைத்து விளக்கை எரியவிட்டால், மிதிப்பது சற்றுக் கடினமாகும். விளக்கின் ஒளி நம் கால்களின் உழைப்பிலிருந்து வருவதே அதற்குக் காரணம். வீட்டு விளக்கிற்காக நாம் மிதிப்பதில்லை. ஆதலால் அதன் விலை நமக்குத் தெரிவதில்லை. ஆனால் எங்கோ ஓரிடத்தில் நிலக்கரி எரிகிறது; அல்லது அணையின் நீர் இறங்குகிறது. ஆளில்லாத அறையில் சுழலும் மின்விசிறிக்கும் அவ்விலை கொடுக்கப்படுகிறது. அதன் ஆற்றல் அழிவதில்லை. அறைக் காற்றைச் சிறிது சூடாக்கிப் பரவிவிடுகிறது. பரவிய அவ்வெப்பத்தைத் திரட்டி மீண்டும் பயன்படுத்துதல் அரிது. எனவே விசையை நிறுத்துதல் சிக்கனம் மட்டுமன்று. இயற்கையின் கணக்கை அறிந்து நடத்தலுமாகும்.

அருஞ்சொற்பொருள்

உலைக்களம் – கொல்லர் இரும்பைக் காய்ச்சி அடிக்கும் இடம்
நிலைமின் – ஓடாது ஓரிடத்தில் தங்கும் மின்னூட்டம்
மின்னியற்றி – இயக்கத்தை மின்சாரமாக மாற்றும் கருவி, ஜெனரேட்டர்
மின்மாற்றி – மின்னழுத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் கருவி, டிரான்ஸ்ஃபார்மர்
சுழலி – நீரோ நீராவியோ சுழற்றும் சக்கரம், டர்பைன்
தொடுகை – ஒன்றையொன்று தொடுதல்
இன்மை – எதுவும் இல்லாத நிலை
வழித்தோன்றல் – வழிவழியாக வந்தது

மதிப்பீடு

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. ஃபாரடே முதலில் பயின்ற தொழில் ____________.
2. கம்பிச்சுருளினுள் காந்தம் ____________ போதுதான் மின்சாரம் தோன்றும்.
3. ஆற்றலை அளக்கும் அலகு ____________.

ஆ. எவ்வாற்றல் எவ்வாற்றலாக மாறுகிறது என எழுதுக.
1. மின்விசிறி
2. மெழுகுவத்தி
3. மிதிவண்டி டைனமோ
4. சூரியத் தகடு
5. ஒலிபெருக்கி

இ. பிரித்து எழுதுக.
1. மின்னாற்றல்
2. அக்கணநேரம்
3. நல்லாசிரியர்
4. முதற்சான்று

ஈ. ஓரிரு தொடர்களில் விடையளி.
1. இரும்பு வளையச் சோதனையில் ஊசி எப்போது அசைந்தது? எப்போது அசையவில்லை?
2. வெறுந்தொடுகையால் மின்சாரம் தோன்றும் என்னும் கருத்தை ஃபாரடே ஏன் மறுத்தார்?
3. டைனமோ இணைத்த மிதிவண்டியை மிதிப்பது ஏன் கடினமாகிறது?

உ. விரிவாக விடையளி.
1. சவுத் ஃபோர்லாந்து கலங்கரை விளக்கத்தில் நிகழ்ந்த ஆற்றல் மாற்றங்களை வரிசைப்படுத்தி விளக்குக.
2. ஈர்ப்பு விசை பற்றிய சோதனை வெற்றி பெறாதபோதும் ஃபாரடே அதனை வெளியிட்டார். இச்செயல் அறிவியலுக்கு எவ்வாறு பயன்படும்? உம் கருத்தை எழுதுக.

ஊ. செயல்பாடு
உம் வீட்டில் உள்ள பத்துக் கருவிகளைப் பட்டியலிடுக. ஒவ்வொன்றும் பெறும் ஆற்றல், தரும் ஆற்றல், வீணாகப் பரவும் ஆற்றல் ஆகியவற்றைக் குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.